மாப்பிள்ளை ஊர்வலத்தில் நின்ற மோரிஸ்

முதன்முதலாக ஒரு எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தது பாலிடெக்னிக் பட்டறையில்தான் என்று போன மாதம் நம் வகுப்புக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. காதோரம் நரை தெரிய ஆரம்பித்துவிட்டது, இனிச் சொல்லலாம். நான் முதலில் பார்த்தது எங்கள் மாட்டுக் கொட்டகையில். இடப்பக்கம் உழவு மாடுகள், வலப்பக்கம் கறவைப் பசு, நடுவில் ஒரு மோரிஸ் மைனர்.

எழுபதுகளின் நடுப்பகுதி. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, வண்டிப் பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவர் வைத்திருந்த கார் அது. அவர் வேறு வாங்கிய பிறகு ஷெட்டில் கோழி அடையும் இடமாகிக் கிடந்ததை, அறுவடை முடிந்த கையோடு நைனா வாங்கினார். அதாவது என் அப்பா. ஊர் எல்லையிலிருந்து எங்கள் மாடுகளே அதை இழுத்து வந்தன. மாமா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சிரிப்பு. "பெட்ரோலுக்கு பதிலு வைக்கோலு போடுவியா?" என்று யாரோ கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. கல்யாணமாகி வந்தபோது அம்மா கையோடு அவரையும் கூட்டி வந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் வேலை பழகினார். முதலாளி பட்டறையை மூடியதும் திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். காரைச் சரி பண்ணினால் கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று வாடகைக்கு ஓட்டலாம் என்பது அவர் யோசனை. நைனா ஒப்புக்கொண்டார். ஆனால் சொன்னதோடு ஒரு நிபந்தனையும் வந்தது.

"தை முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இது ரோட்ல ஒழுங்கா ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். நீ பட்டணத்துக்கு உங்க பெரியப்பாவோட அரிசி மண்டிக்குக் கெளம்பிடணும்."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெரியப்பா மண்டிக்குப் போன பையன்கள் திருவிழாவுக்குக்கூட ஊருக்கு வந்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நைனாவின் அக்கா, என் அத்தை. சிறு வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். சமையற்கட்டும், சாமான் அறைச் சாவியும், மாடுகளும் அவர் பொறுப்பு. நைனா ஊரில் யாருக்கும் பயப்படாதவர், அத்தை பேச்சை மட்டும் மீற மாட்டார். அந்த அத்தைக்கு மாமாவைக் கண்டால் ஆகாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டேய் வெளக்கெண்ண" என்பார். எதற்கும் உதவாதவன் என்று அர்த்தம்.

"வெளக்கெண்ண, கஞ்சி ஆறிக்கினு கீது. காருக்கு அடியிலயே படுத்துக்கினு இருந்தா வவுறு ரொம்பிடுமா?"

"வரேன் அண்ணி, ஒரு நட்டுதான்."

"ஒரு நட்டு, ஒரு நட்டுன்னு மாசமா ஆவுது. எத்தினி நட்டுடா கீது அதுல?"

மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் அந்த வேலைதான். சாணி வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்த ஒரு நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, கோணிமேல் வரிசையாக மாமா அடுக்குவார். கழற்றிய வரிசையிலேயே அடுக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது கடைசியிலிருந்து முதலுக்கு வர வேண்டும். காரின் ஓட்டையான தரையில் எண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்தார். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இல்லாத இடத்தில் போன வருஷக் காலண்டரின் அட்டை உட்கார்ந்தது. முருகனின் வேல் முனை மட்டும் ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருக்கையில் நார் பிதுங்கிய இடங்களை அம்மா சாக்கு ஊசியால் தைத்தாள். பசு, கட்டை அவிழ்த்துக்கொண்ட நாட்களிலெல்லாம் வந்து பானட்டை நக்கிவிட்டுப் போகும். அந்த ஓரத்தில் மட்டும் பெயின்ட் பளபளவென்று இருந்தது.

ரேடியேட்டர் ஒழுகியபோதுதான் அத்தை முதன்முதலாக இதில் சம்பந்தப்பட்டார். ஈயம் வைத்துப் பற்றவைக்க ஆள் கிடைக்கவில்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சின்ன ஓட்டைகளை அது அடைத்துவிடும் என்பது மாமா பட்டறையில் பார்த்த வித்தை. அம்மா போய்க் கேட்டாள்.

"காருக்கு மஞ்சளா? இன்னா, தலைக்கு ஊத்தப் போறானா?" என்றார் அத்தை. ஆனாலும் பூட்டைத் திறந்து, ஒரு கை அள்ளிக் கொடுத்தார். எஞ்சின் சூடானதும் கொட்டகை முழுக்க ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. ஒழுகல் நின்றது. அத்தை கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பால் கறக்க வந்தவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்ததை மாமா எனக்குச் சைகையில் காட்டினார்.

தையில் முதல் வாடகை வந்தது. உத்திரமேரூரில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டும் என்றார்கள். நைனாவுக்கு வேண்டப்பட்ட குடும்பம். இது நன்றாக முடிந்தால் மாமா இங்கேயே இருப்பார், இல்லாவிட்டால் மண்டி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மட்டும் அந்த வாரம் முழுக்கத் தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கவில்லை.

மாமாவுக்கு ஒரே ஒரு கவலை பாக்கி இருந்தது. "பிரேக் ஆயில் கொஞ்சம் கம்மியாக்கீது. காஞ்சிவரம் போனா வாங்கியாந்து ஊத்திடணும்" என்று அம்மாவிடம் சமையற்கட்டு வாசலில் நின்று சொன்னார். வண்டியை அலங்கரிப்பதற்கு முந்தின நாள் அவர் ஓட்டுநர் காலடியில் இருக்கும் சாக்கைத் தூக்கி, தரையிலிருந்த பிரேக் ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தார். கழுத்து வரை நிறைந்திருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. "மச்சான் வாங்கியாந்து ஊத்திட்டாருபோல அக்கா. வாயால ஒண்ணும் சொல்லல பாரேன்."

"கேக்காத. கேட்டா கோச்சிக்குவாரு" என்றாள் அம்மா. அவள் முகத்திலும் அன்று முதன்முறையாக ஒரு தெளிவு.

ஊர்வலத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். காரணம், பின்பக்க இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியிலிருந்து கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் ஒரு முட்டு முட்டினால் திறக்கும். மாமாவைத் தவிர அந்த வித்தை எனக்குத்தான் வரும். பட்டுப் பாவாடையோடு முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். கார் முழுக்கச் சாமந்தி. நைனா வெளியே கூட்டத்தோடு, மடிப்புக் கலையாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பொழுது சாய்ந்த நேரம். நாதஸ்வரக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டே நகர, கார் அவர்கள் பின்னால் ஆமையாக ஊர்ந்தது. மாமாவின் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் எஞ்சின் கொஞ்சம் அதிகமாக முனகியது. கடைத்தெரு முனையில் ஒரு தரம் நின்றது. அதன் பிறகு கிளம்பவில்லை. எஞ்சின் உறுமியது, நடுங்கியது, அணைந்தது. தள்ளினார்கள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நான்கு சக்கரங்களும் தரையில் நட்டுவைத்தாற்போல் இருந்தன.

"வண்டிக்கு நம்ம வாசிப்பு புடிச்சிப் போச்சி. நின்னு கேக்குது" என்றார் தவில்காரர். கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரிக்கவில்லை.

"இன்னாய்யா வண்டி இது? மாப்ளைய எறக்கி நடக்க வெப்பியா? எங்கேர்ந்துய்யா புடிச்சாந்தீங்க இந்தத் தகர டப்பாவ?"

நான் இறங்கி, கைப்பிடியைத் தூக்கி, முட்டி, கதவைத் திறந்துவிட்டேன். மாலையோடு மாப்பிள்ளை இறங்கி நடந்தார். மாமா புதுச் சட்டையோடு காருக்கு அடியில் போனார். பின் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயிலை வடிக்கும் சின்னத் திருகை ஸ்பேனரால் இளக்கினார். சொர்ரென்று பீய்ச்சி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. மற்ற சக்கரங்களுக்கும் அப்படியே. பிறகு தள்ளியபோது கார் ஒன்றுமே நடக்காததுபோல் உருண்டது. ஆனால் தள்ளுவதற்கு அங்கே நாங்கள் மட்டும்தான் இருந்தோம். நாதஸ்வரம் அடுத்த தெருவில் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் நைனா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளன்னிக்குக் காலீல பஸ்ஸு. கெளம்பிடு" என்றார்.

"மச்சான், பிரேக்கு புடிச்சிக்கிச்சி. ஏன் புடிச்சிதுன்னு மட்டும் பாத்துட்டு..."

"பாத்து? நீ மழ பூரா பாத்துக்கினுதானே இருந்த."

அத்தை சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திருப்தியாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் அன்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா பிரேக்கைத் திறந்தார். உங்களுக்குத் தெரியும், குழாயில் இருப்பதை வடித்தெடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்திடம் திருகைத் திறந்து மூட வேண்டும். எனக்குக் கால் எட்டவில்லை. நைனா கழனிக்குப் போய்விட்டார். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அம்மா வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அமுக்குக்கா. புடி. வுடாத... இப்ப வுடு."

பெடல் தானாக மேலே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா கால் விரலால் அதைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. திருகில் மாட்டிய சைக்கிள் வால்வு டியூப் வழியாக ஒரு பாட்டிலில் சொட்டியது. நான் பாட்டிலைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கலங்கலாக, மருந்து நெடியோடு இருந்தது. பாட்டில் பாதி நிறைந்த பிறகு நிறம் மாறியது. தெளிந்த பொன் நிறம். அதோடு ஒரு வாசனை.

அம்மா காலை எடுத்துவிட்டு வெளியே தலையை நீட்டினாள். "இன்னாடா இது, தீவாளி வாசன வருது?"

மாமா விரலில் தொட்டு முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு விரலை அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரு தடவைதான் முகர்ந்தாள்.

"நம்ம வூட்டு நல்லெண்ண. வெல்லம் போட்டு செக்குல ஆட்னது."

 சாமான் அறைச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது மூவருக்கும் தெரியும்.

"கெட்ட எண்ணத்துலயா ஊத்தியிருப்பாங்க?" என்றார் மாமா மெதுவாக.

"பேசாத. கழுவி வுட்டுடு. இத்த சொன்னா வூடு ரெண்டாயிடும்."

"சொல்லலன்னா நான் நாளைக்கு பஸ் ஏறணுங்கா."

 அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் ஓடிக்கொண்டிருப்பதுபோல.

அத்தை அப்போதுதான் மோர்ச் சொம்போடு வந்தார். வெயிலில் பாட்டில் மின்னியது. நின்றார்.

"இன்னாடி இது? நம்ம எண்ணெய எதுக்கு புட்டில புடிச்சிக்கினு கீறீங்க?"

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"நான் ஊத்தினதத் திருப்பி எடுக்கறீங்களா? ஏன், பத்தலன்னுதானே சொன்னான்? வாசப்படியில நின்னு, ஆயிலு கம்மியாக்கீதுன்னு இவன் சொன்னது எங்காதுலயும்தான் வுழுந்துது. எந்த மூடியத் தெறந்து பாத்தான்னு பால் கறக்க வந்தப்ப பாத்து வெச்சிக்கினேன். கடையில விக்கற எண்ணெய்ல இன்னா கலந்திருப்பானோன்னு நல்லதா பாத்து, பாலாடையால சிந்தாம ஊத்தினேன்."

பச்சைக் குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பாலாடை. எங்கள் எல்லோருக்கும் புகட்டியது அதுதான். மாமா காரின் பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அது பேருதான் ஆயிலு. எண்ணெ இல்ல. எண்ணெ பட்டா உள்ள கீற ரப்பரு ஊறி வீங்கிடும். அதான் பிரேக்கு புடிச்ச புடி வுடல."

அத்தையின் முகம் மாறியது. சொம்பைக் கீழே வைத்தார். "அப்ப நேத்து அத்தினி பேர் எதிர்ல நீ பேச்சு வாங்கினது என்னாலயா?"

"தெரியாமதானே அண்ணி..."

"இருடா" என்றார். வரப்புவரை தானே நடந்து போனார். "டேய், இங்க வாடா!" என்று அவர் கத்திய கத்தல் பக்கத்துக் கழனி ஆட்களையும் நிமிரவைத்தது. நைனா சேற்றுக் காலோடு வந்தார். அத்தை எதையும் மழுப்பவில்லை. சாவியைத் தொட்டுக் காட்டி, பாட்டிலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். "இவன அனுப்பாத. தப்பு என்னுது."

நைனா வெகுநேரம் பாட்டிலைப் பார்த்தார். "உனுக்குத்தான் இவன் இங்க இருக்கறது புடிக்கலயேக்கா. நான் அதுக்கோசரம்தான்..."

"நான் எப்படா சொன்னேன்?"

"எந்நேரமும் திட்டிக்கினே இருக்கற."

"திட்டினா அனுப்பறதா? உன்னியும்தான் பொறந்ததுலேர்ந்து திட்டறேன். நீ எங்க போய்ட்ட?"

அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நைனா அத்தைக்காக என்று நினைத்தார், அத்தை நைனாவின் விருப்பம் என்று நினைத்தார், யாருமே விரும்பாத ஒன்று நடக்க இருந்தது. பெரியவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே முடிவு செய்வார்கள் என்பது எனக்கு அன்று புரியவில்லை. நானும்தானே முந்தின நாள் அத்தையின் மௌனத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

மாமாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணி, ஒண்ணு சொல்லட்டா? நீங்க வெளக்கெண்ண ஊத்தியிருந்தீங்கன்னா ஒண்ணும் ஆயிருக்காது. பழைய பிரேக் ஆயிலே அதுல செஞ்சதுதான். ரப்பருக்கு ஒத்துக்கிற எண்ணெ அது ஒண்ணுதான்னு பட்டறையில சொல்லுவாங்க."

அத்தை ஒரு கணம் யோசித்தார். "அதான்டா உன்ன அந்தப் பேர் வெச்சிக் கூப்புடறேன்" என்றார். நைனாவே சிரித்துவிட்டார்.

மதியம் நைனா குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் மன்னிப்புக் கேட்டதென்றால் அது அந்தப் பயணம்தான். வேறு விதமாகக் கேட்க அவருக்குத் தெரியாது. ஊறிப்போன ரப்பரை மாதிரிக்கு ஒரு துணியில் முடிந்துகொண்டார். மாமா ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டு, ரப்பர் மாட்டியிருந்த இரும்பு உருளையைக் கையில் கொடுத்தார்.

"ரப்பரக் காட்டாதீங்க மச்சான். அது வீங்கிக் கீது. கடைக்காரன் பெரிசா குட்துடுவான். இந்த இரும்பு அளவுக்குக் கேளுங்க."

நைனா அந்த உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயிலு எந்த மாதிரின்னு ஒரு சீட்ல எழுதிக் குடு" என்றார். அதற்கு முன் மாமாவிடம் அவர் எதையும் எழுதிக் கேட்டதில்லை.

குழாய்களை ஸ்பிரிட்டில் அலசி, புது ரப்பர் மாட்டி, மறுபடியும் அம்மா மிதிக்க, மாமா திறக்க, வேலை முடிந்தது. இந்தத் தடவை பெடல் தானாக மேலே எழுந்தது. மாமாவை ஏற்றிப் போக வேண்டிய காலை பஸ் எங்கள் நிறுத்தத்தில் யாரையும் ஏற்றாமல் போயிருக்க வேண்டும், வீட்டில் எவருக்கும் அதன் ஞாபகமே இல்லை. உத்திரமேரூர் ஏரிக்கரைச் சரிவில்தான் சோதனை. அத்தை கேட்காமலே முன் இருக்கையில் ஏறி, என்னை மடியில் இருத்திக்கொண்டார். சரிவில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு டேஷ்போர்டைப் பிடித்திருந்தார். கார் நின்றது. மாமா காலை எடுத்தார். கார் மெல்ல உருண்டது. மறுபடியும் நின்றது, மறுபடியும் உருண்டது. நிறைந்த ஏரியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் நைனா விட்ட பெருமூச்சு என் பின்னங்கழுத்தில் பட்டது.

திரும்பி வந்தபோது அம்மா கிணற்றடியில் இருந்தாள். பக்கத்தில் மாமாவின் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. ஊர்வலத்தன்று இரவே அதை அவள் அடுக்கி வைத்துவிட்டாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. துவைத்து மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தண்ணீரில் முக்கி, கல்லில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

மாமா போய் எதிரில் நின்றார். "தோச்ச சட்டைய ஏன்கா மறுபடியும் தோய்க்கிற?"

அம்மா நிமிரவில்லை. இன்னொரு சட்டையை உதறி நனைத்தாள்.

"உனுக்கின்னா அதப் பத்தி? போய் வண்டிய நெழல்ல வுடு."